முசியே சொன்ன ‘வுய்’

“மூத்த மொழித் தொடர்பு அலுவலர். பிரெஞ்சு மொழியில் பேசவும் எழுதவும் படிக்கவும் சரளம் உள்ளவர். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் நேரடியாக உரையாடி நிறுவனத்தின் நலன் காப்பவர்.”

தராசு செய்யும் அந்தத் தொழிற்சாலையின் வரவேற்பறைச் சுவரில், ஒரு புகைப்படத்துக்குக் கீழே இப்படி எழுதி மாட்டியிருந்தார்கள். புகைப்படம் மட்டும் உண்மை. அதிலும் அவர், யாரோ சொன்ன நகைச்சுவை புரியாமல், எதற்கும் இருக்கட்டுமே என்று சிரித்துவைத்தவர் போலத்தான் தெரிந்தார். பட்டறையில் எல்லோரும் அவரை ‘முசியே’ என்று கூப்பிட்டார்கள். பிரெஞ்சில் ‘ஐயா’ என்று பொருள். அந்த ஒரு சொல்லைப் பட்டறையில் இருந்த முப்பது பேரும் அவரைவிட நன்றாக உச்சரித்தார்கள்.

முசியே பொய் சொல்லி அந்தப் பதவிக்கு வந்தவர் அல்ல. உண்மையைச் சொல்லிவிட்டு, அது பொய்யாக மாறுவதை வேடிக்கை பார்த்தவர். எட்டு வருடங்களுக்கு முன் சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தபோது, பிரெஞ்சு பேசும் ஒரு நாட்டிலிருந்து குழந்தைகளை நிறுக்கும் தராசுகளுக்கு முதல் ஆர்டர் வந்தது. “யாருக்காவது பிரெஞ்சு தெரியுமாய்யா?” என்று மேலாளர் கேட்டார். ஓய்வு நேரத்தை உருப்படியாகக் கழிப்பதாக நினைத்து அப்போது ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த முசியே, “கொஞ்சம் தெரியும் சார்” என்றார். மேலாளர் அறையிலிருந்து நிர்வாக அலுவலகத்துக்குப் போகும் வழியில் அந்தக் ‘கொஞ்சம்’ எங்கேயோ தவறி விழுந்துவிட்டது. விழுந்ததை முசியே பார்த்தார். குனிந்து எடுக்கவில்லை. இடுப்பு வலி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்றால், பத்துப் பாடம். பதினோராவது பாடத்தில் அவர் வகுப்பை விட்டு ஓடிவந்தார். அதன் தலைப்பு, பெயருக்குப் பதிலாக வரும் சொற்கள்: அதை, அவற்றை, அவருக்கு, அவர்களுக்கு. கேட்கும்போது என்ன பிரமாதம் என்றுதான் இருக்கும். தமிழில் ‘ஐ’யும் ‘கு’வும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். “நான் அதை அவருக்குக் கொடுத்தேன்”, “அவருக்கு அதை நான் கொடுத்தேன்”, “கொடுத்தேன் நான் அவருக்கு அதை” என்று எப்படிக் குலுக்கிப் போட்டாலும், வாலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பிரெஞ்சில் அந்தச் சுதந்திரம் இல்லை. ‘அதை’யும் ‘அவருக்கு’ம் வினைச்சொல்லுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் யார் முந்தி என்பதற்கும் சட்டம் உண்டு. எனக்கு, உனக்கு என்றால் ஆள் முன்னால், பொருள் பின்னால். அவருக்கு, அவர்களுக்கு என்றால் பொருள் முன்னால், ஆள் பின்னால். கட்டளை போட்டால் எல்லோரும் வினைச்சொல்லுக்குப் பின்னால் ஓட வேண்டும். “கொடுக்காதே” என்று மறுத்தாலோ, ஓடியவர்கள் மறுபடி முன்னால் வந்து நிற்க வேண்டும்.

ரேஷன் வரிசையைவிட மோசம் என்று முசியே நினைத்தார். வகுப்பு நடத்திய அம்மா யாரிடமும் கோபப்படாதவர் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயரையும் முசியேதான் கெடுத்தார். “நீங்க கொடுக்கறீங்களா, வாங்கறீங்களா? முதல்ல அதை முடிவு பண்ணிட்டு வாயைத் திறங்க!” என்றார் அந்த அம்மா ஒருநாள். முசியே முடிவு செய்தார். அடுத்த வாரத்திலிருந்து போகவில்லை.

பத்துப் பாடத்தை வைத்துக்கொண்டு எட்டு வருடம் எப்படி ஓட்டினார் என்று கேட்டால், பதினோராவது பாடத்தைத் தொடாமல்தான். அவர் எழுதிய பிரெஞ்சில் ‘அதை’ கிடையாது, ‘அவர்களுக்கு’ கிடையாது. எல்லாவற்றையும் பெயர் சொல்லியே கூப்பிடுவார். “தங்கள் கடிதம் கிடைத்தது. கடிதத்தைப் படித்தோம். கடிதத்துக்குப் பதில் எழுதுகிறோம். பதிலைத் திங்கட்கிழமை அனுப்புகிறோம்.” நாலு வரிக் கடிதத்துக்கு இரண்டு அகராதியும் அரை நாளும் ஆகும். தராசோடு போகும் விளக்கத்தாளும் அவர் கைவண்ணம்தான். “குழந்தையைத் தட்டில் வைக்கவும். தட்டை ஆட்ட வேண்டாம். குழந்தையைப் பிடித்துக்கொள்ளவும். குழந்தையின் எடை தெரிந்ததும் குழந்தையைத் தட்டிலிருந்து எடுக்கவும்.” ஒரே பக்கத்தில் இருபத்து மூன்று குழந்தைகள். பிரசவ விடுதியில்கூட ஒரே நாளில் அவ்வளவு பிறந்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கையை அவருடைய மனைவிதான் கண்டுபிடித்தார். அவர் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் நர்ஸ். “ஆபீஸ்ல ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லி எழுதறீங்களாமே? வீட்டுல ஒரு நாளாவது ஒரு பேர் சொல்லியிருக்கீங்களா? ‘அதை எடு’, ‘இதை அங்க வை’, ‘அவன்கிட்ட அதைச் சொல்லிட்டியா?’ இருபத்தஞ்சு வருஷமா எது அதுன்னு நான்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.”

“உனக்குப் புரியுதில்ல?”

“எனக்குப் புரியும். அந்த ஊர்க்காரங்க உங்களைக் கல்யாணமா பண்ணியிருக்காங்க?”

எழுத்து இப்படி ஓடியது. பேச்சைத் தவிர்க்க அவரிடம் ஒரே ஒரு ஆயுதம் இருந்தது. தொலைபேசியில் யாராவது பிரெஞ்சில் பேசினால், முதல் அரை நிமிடம் “வுய், வுய்” என்பார். ‘ஆமாம், ஆமாம்’ என்று அர்த்தம். பிறகு, லைன் சரியில்லை, கடிதம் எழுதுங்கள் என்று சொல்லி வைத்துவிடுவார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அப்பழுக்கில்லாமல் சொல்வார். எட்டு வருடப் பயிற்சி.

ஆளே நேரில் வந்தால் லைன் சரியில்லை என்று சொல்ல முடியாது அல்லவா? இந்த உண்மை அவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை உறைத்தது. தராசு வாங்கும் அந்த நாட்டுச் சுகாதாரத் துறையிலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மா புதன்கிழமை வருகிறார் என்று தகவல் வந்தது. ஒரு தொகுதியில் போன தராசுகளில் எடை குறைவாகக் காட்டுகிறதாம்.

“முசியே இருக்கும்போது நமக்கு என்ன கவலை?” என்றார் மேலாளர், மற்றவர்கள் முன்னால். முசியே புகைப்படத்தில் சிரித்த மாதிரியே சிரித்தார்.

அன்று உட்கார்ந்து நாற்பது வாக்கியங்களை மனப்பாடம் செய்தார். “இது பட்டறை. பட்டறையில் முப்பது பேர் வேலை செய்கிறார்கள். பட்டறை சுத்தமாக இருக்கிறது.” ஒன்றிலும் பதினோராவது பாடத்தின் வாடை இல்லை.

ஆய்வாளர் அம்மா ஐம்பது வயதைத் தாண்டியவர். வேகமாக நடந்தார், அதைவிட வேகமாகப் பேசினார். பட்டறை சுத்தமாக இருக்கிறது என்று முசியே சொல்வதற்குள் அவர் பட்டறையின் மறுகோடியில் இருந்தார். அங்கே, பையிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல் ஒன்றை எடுத்து, அந்தத் தொகுதியிலிருந்து மாதிரிக்காக எடுத்துவைத்திருந்த தராசுத் தட்டின் நடுவில் வைத்தார். ஐந்து கிலோ காட்டியது. மூலைக்குத் தள்ளினார். நான்கு கிலோ எண்ணூற்று எண்பது.

பட்டறைத் தலைவரை எல்லோரும் ‘தராசு அண்ணன்’ என்பார்கள். தன் மகனின் கல்யாணப் பந்தலில்கூட மாலையைக் கையில் தூக்கிப் பார்த்து எடை சொன்னவர். அவர் எண்ணைப் பார்த்ததுமே தலையில் கை வைத்தார். “தட்டுக்கு அடியில இருக்கற தகடு, முசியே. போன தடவை வந்த தகடு மெலிசு. அந்தத் தொகுதில போனது அறுபத்து நாலு தராசு. குழந்தை நடுவுல படுத்தா சரியாக் காட்டும். கொஞ்சம் உருண்டா குறையும். எந்தக் குழந்தை நடுவுல படுக்குது?”

தகடு மெலிது என்பதை முசியே சொல்லிவிட்டார். ‘தகடு’, ‘மெலிது’, ‘அறுபத்து நான்கு’ எல்லாமே பத்துப் பாடத்துக்குள் அடங்கும். அந்த அம்மா தலையாட்டினார். தன்னை நினைத்து முசியேவுக்கே கொஞ்சம் பெருமை வந்தது. வாழ்க்கையில் அவருக்குப் பெருமை வந்த ஒவ்வொரு தடவையும் அடுத்த நிமிடமே ஏதோ நடந்திருக்கிறது. இப்போதும் நடந்தது.

அந்த அம்மா அவரை நேராகப் பார்த்து நீளமாக ஒரு கேள்வி கேட்டார். அதில் ‘லே’ வந்தது, ‘லெர்’ வந்தது, ‘வூ’ இரண்டு தடவை வந்தது. அவற்றை, அவர்களுக்கு, நீங்கள். யாரோ யாருக்கோ எதையோ என்னவோ செய்கிறார்கள். அவ்வளவு தெளிவு. கடைசியில் குரல் உயர்ந்து நின்றது. பதில் வேண்டும் என்று அர்த்தம்.

“வுய்,” என்றார் முசியே.

அந்த அம்மா அதைக் குறித்துக்கொண்டார். அடிக்கோடும் போட்டார்.

“என்ன கேட்டாங்க?” என்றார் மேலாளர்.

“பொதுவா... எல்லாம் முறைப்படி நடக்குதான்னு கேட்டாங்க சார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நடக்குதுன்னேன்.”

இப்படிப் பல நூறு ‘வுய்’ சொன்னவர் அவர். ஒன்றுகூட இதுவரை தொண்டையில் சிக்கியதில்லை. எல்லாவற்றையும் பிறகு வந்த கடிதங்கள் சரிசெய்துவிட்டன. இது சிக்கியது. அந்த அடிக்கோடு காரணமாக இருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் மேலாளர் குஷியாக வந்து, சுகாதாரத் துறையிலிருந்து தகவல் வந்ததாகவும், மூன்று மணிக்கு அந்த அம்மா உட்கார்ந்து எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரு கடிதம் தயாரிக்கப் போவதாகவும், நாலரைக்கு அது மின்னஞ்சலில் போய்விடும் என்றும், முசியே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னார். என்ன கடிதம் என்று கேட்க முசியே வாயெடுத்தார். அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கை மேலாளர் முகத்தில் வழிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

மாடிப்படிக்குக் கீழே போய் மனைவிக்குப் போன் செய்தார். நடந்ததைச் சொன்னார். ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்ததுதான் அன்றைய தினத்தின் இரண்டாவது முட்டாள்தனம்.

“எதுக்கு ஆமான்னு சொன்னீங்கன்னே தெரியாதா?”

“தெரியாது.”

“கல்யாணத்துல என்னைக் கேட்டப்பவும் இப்படித்தான் சொன்னீங்களா?”

“விளையாடாதே. என்ன பண்றதுன்னு சொல்லு. எனக்குப் பிரெஞ்சு தெரியாதுன்னு தெரிஞ்சா இந்த வேலை போயிடும். அந்தப் போட்டோவையும் எடுத்துடுவாங்க.”

எதிர்முனையில் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு மனைவி மறுபடி போனுக்கு வந்தார். பேசியபோது கேலி போயிருந்தது. “இப்ப நான் நிறுக்கறது நாலு மாசக் குழந்தை. டாக்டர் அதைத் தொட்டுப் பார்க்கறதுக்கு முன்னாடி என் தாள்ல இருக்கற எடையைத்தான் பார்ப்பார். மருந்து எவ்வளவுன்னு அந்த எடையை வச்சுத்தான் எழுதுவார். அங்கயும் அப்படித்தான் இருக்கும். உங்க தராசுல தப்பு இருக்கு, அதுக்கு என்ன பண்றாங்கன்னு உங்களுக்கே தெரியல. போய்க் கேளுங்க.”

“கேட்டா...”

“கேட்டா அவமானம். தெரியும். கேளுங்க.” வைத்துவிட்டார்.

ஆனாலும் முசியே உடனே போய்க் கேட்டுவிடவில்லை. அவ்வளவு நல்ல மனிதர் என்று அவரைப் பற்றி நினைத்துவிடக் கூடாது. முதலில் குறுக்குவழி தேடினார். மூன்று மணிக்கு மேலாளர் அறையில் அந்த அம்மாவின் குறிப்பேடு மேசைமேல் திறந்து கிடந்தது. தேநீர்க் கோப்பையைத் தானே எடுத்து வைக்கும் சாக்கில் குனிந்து, எழுத்தைத் தலைகீழாகப் படித்தார். ‘லே’ தெரிந்தது. ‘லெர்’ தெரிந்தது. நேராகப் படித்தாலே புரியாதது தலைகீழாக எப்படிப் புரியும் என்பது, தேநீர் அந்தக் குறிப்பேட்டின் ஓரத்தில் சிந்திய பிறகுதான் அவருக்குத் தோன்றியது.

அந்த அம்மா குறிப்பேட்டை இழுத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை. முசியே நிமிர்ந்து நின்று, முதல் பாடத்திலேயே சொல்லிக்கொடுத்த, எட்டு வருடத்தில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாத வாக்கியத்தைச் சொன்னார்.

“ஜெ நெ கோம்ப்ராம் பா.” எனக்குப் புரியவில்லை.

எது, என்று கேட்டார் அந்த அம்மா.

காலையில் கேட்ட கேள்வி, என்றார் முசியே.

காலையில் ‘வுய்’ என்றீர்களே?

“வுய்,” என்றார் முசியே. இந்த ஒன்றை மட்டும் அர்த்தம் தெரிந்து சொன்னார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. பரவாயில்லை என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை. அவருக்குக் கோபம் வந்தது. அது எந்த மொழியிலும் புரியும். மேலாளருக்கும் புரிந்தது. “என்னய்யா ஆச்சு? என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?”

“காலையில அவங்க கேட்டது எனக்குப் புரியல சார். புரியாமலே ஆமான்னுட்டேன்.”

“சரளம்னு போட்டிருக்கே!”

“போட்டிருக்கு சார். எனக்குச் சரளம் இல்ல. கொஞ்சம்தான். அன்னைக்கே சொன்னேன்.”

“எப்ப சொன்னீங்க?”

“எட்டு வருஷம் முன்னாடி.”

மேலாளர் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

முசியே சுவரில் இருந்த வெள்ளைப் பலகைக்குப் போனார். நான்கு பெயர்களைப் பிரெஞ்சில் எழுதினார்: தகடு, தராசு, பட்டறை, நர்ஸ். பேனாவை அந்த அம்மாவிடம் நீட்டி, யார், எதை, யாருக்கு என்று கையால் கேட்டார். அந்த அம்மா அவரை ஒரு கணம் முறைத்துவிட்டு எழுந்து வந்தார். பட்டறையிலிருந்து நர்ஸுக்கு ஓர் அம்பு போட்டு அதன்மேல் ‘புதிய தகடு’ என்று எழுதினார். நர்ஸிலிருந்து தராசுக்கு இன்னோர் அம்பு. பெரியவர்கள் பாலர் வகுப்புக்கு மெதுவாகச் சொல்வது போலச் சொன்னார்: பட்டறை நர்ஸுகளுக்குத் தகடுகளை அனுப்பும். நர்ஸுகளே தராசுகளில் தகடுகளை மாட்டிக்கொள்வார்கள். தராசுகள் மருத்துவமனையிலேயே இருக்கும். இது போதுமா? நீங்கள் போதும் என்றீர்கள்.

முசியே தராசு அண்ணனைக் கூப்பிட்டு வரச் சொன்னார். அண்ணன் பலகையைப் பார்த்தார், முசியே விளக்கினார். அண்ணனின் குரல் பட்டறை வரைக்கும் கேட்டது.

“நர்ஸம்மா மாட்டுவாங்களா? தகட்டை மாத்தினா நாலு மூலையிலயும் கல் வச்சு மறுபடி சரிபார்க்கணும். எனக்கே ஒரு தராசுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கல் இல்லாம மாட்டினா இப்ப நூத்தி இருபது கிராம் தப்பு. அப்புறம் முந்நூறு தப்பானாலும் யாருக்கும் தெரியாது. எந்த மடையன் இதுக்குச் சரின்னான்?”

“நான்தான் அண்ணே,” என்றார் முசியே.

அண்ணன் ஒரு கணம் திகைத்தார். “நீங்களா? நல்லாப் படிச்சவர்னு நினைச்சேனே.”

“பத்துப் பாடம் படிச்சிருக்கேன்.”

மேலாளர் கனைத்தார். முசியேவை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் பேசினார். “இங்க பாருங்க. அறுபத்து நாலையும் திருப்பி வாங்கினா, அடுத்த ஆர்டருக்கு நம்மளைக் கூப்பிடவே மாட்டாங்க. அந்தம்மாவே ஒரு வழி சொல்லியிருக்காங்க. நீங்களும் ஆமான்னுட்டீங்க. அந்த ஆமா அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே? இப்ப புரிஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க. உங்க போட்டோவும் இருக்கும்.”

முசியே யோசித்தார். யோசித்தார் என்பதை மறைப்பதில் நியாயமில்லை. அந்தப் புகைப்படம் அவருக்குப் பிடித்த புகைப்படம். மனைவியின் சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து வந்தால், வரவேற்பறை வழியாகத்தான் அவர்களைக் கூட்டிவருவார்.

“அந்த ஆமா நான் சொன்னது சார். நான்தான் அதை வாபஸ் வாங்கணும்,” என்றார்.

பலகைக்குத் திரும்பிப் போய், நர்ஸுக்குப் போன அம்பை உள்ளங்கையால் அழித்தார். பக்கத்தில் ‘மருத்துவமனை’ என்று எழுதி, அங்கிருந்து பட்டறைக்கு ஓர் அம்பு போட்டார். அகராதியை மேசைமேல் எல்லோரும் பார்க்க வைத்துக்கொண்டார். இத்தனை வருடமும் அது இழுப்பறைக்குள் இருந்துதான் வேலை பார்த்தது. தராசு அண்ணன் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுதினார். இடையில் நாலு தடவை புரியவில்லை என்றார். நாலாவது தடவை சொன்னபோது, முதல் தடவை இருந்த கூச்சத்தில் பாதிகூட இல்லை என்பதைக் கவனித்து ஆச்சரியப்பட்டார்.

அந்த அம்மா எழுதியதைப் படித்தார். ‘தராசு’ என்ற சொல் பதினான்கு தடவை வருகிறது என்றார். எங்கள் நர்ஸுகள் உங்கள் விளக்கத்தாளைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள், இரண்டு வயதுக் குழந்தைக்கு எழுதியது போல இருக்கிறது என்பார்கள் என்றும் சொன்னார். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று முசியே அவர் முகத்தைத் தேடிப் பார்த்தார். பாராட்டு இல்லை. அந்த அம்மா ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வரவேற்பறைச் சுவரில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து வெளியூர் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்குக் கடிதங்கள் போயின. முசியே சரக்குப் பிரிவில் பழைய மேசைக்குப் போனார். “மடையன்னு சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க,” என்றார் தராசு அண்ணன். “அப்ப எனக்கு ஆள் யாருன்னு தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

“தெரிஞ்சிருந்தா மெதுவாச் சொல்லியிருப்பேன்.”

அந்தப் புதன்கிழமை நாலு ஐம்பதுக்கு, இருபது நிமிடத் தாமதத்தோடு, அந்தக் கடிதம் எல்லா மருத்துவமனைகளுக்கும் போனது. அறுபத்து நான்கு தராசுகளையும் பயன்படுத்த வேண்டாம், தராசுகளைப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பவும் என்று அதில் இருந்தது. அதை எழுதியவர் முசியே.